வழியில் சேரும் கோணம்

ஆய்வகத்தில் ஒரு மாணவர் என்னைக் கூப்பிட்டார். 10 கிலோஓம் மின்தடை ஒன்றின் ஒரு முனையில் சிக்னல் ஜெனரேட்டரை இணைத்திருந்தார். மறுமுனையில் எதுவும் இல்லை. இரண்டு முனைகளிலும் ஆஸிலோஸ்கோப்பின் புரோப்களை மாட்டி, 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்னோட்டமே ஓடாத மின்தடையின் இரு பக்கமும் ஒரே மின்னழுத்தம்தான் இருக்க வேண்டும். திரையில் இரண்டு அலைகளும் ஒரே உயரம். ஆனால் இரண்டாவது அலை மூன்றரைப் பாகை பின்தங்கியிருந்தது. மின்தடையை மாற்றிப் பார்த்தார், ஜெனரேட்டரை மாற்றிப் பார்த்தார். அரை மணி நேரம் போயிற்று. இரண்டாவது புரோப்பின் கைப்பிடியில் உள்ள சிறிய ஸ்விட்சை 1எக்ஸ் நிலையிலிருந்து 10எக்ஸ் நிலைக்குத் தள்ளினேன். மூன்றரைப் பாகை அரைப் பாகையாகச் சுருங்கியது.

காரணம் எளியது. 1எக்ஸ் நிலையில் புரோப்பின் கேபிளும் கருவியின் உள்ளீடும் சேர்ந்து ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியாக நடந்துகொள்கின்றன. 10 கிலோஓம் வழியே அந்த மின்தேக்கி நிரம்பி வடிய நேரம் பிடிக்கிறது. கணக்குப் போட்டால் சரியாக 3.6 பாகை. 10எக்ஸ் நிலையில் அந்தச் சுமை 15 பிக்கோஃபாரட் அளவுக்குக் குறைந்துவிடும். பின்னடைவும் அரைப் பாகைதான். மாணவர் அளந்தது சுற்றை அல்ல, புரோப்பை.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அந்த 100 பிக்கோஃபாரட் அலையின் உயரத்தையும் குறைத்தது. எவ்வளவு? 0.2 விழுக்காடு. திரையில் ஓடும் ஒளிக்கோட்டின் தடிமனுக்குள் அது மறைந்துவிடும். ஒரே காரணம் வீச்சை ஆயிரத்தில் இரண்டு பங்கு தொட்டது. கட்டத்தைக் கண்ணால் காணும்படி நகர்த்தியது. வீச்சில் வரும் பிழை சிறிய எண்ணின் வர்க்கமாக வருகிறது, கட்டத்தில் வரும் பிழை அந்தச் சிறிய எண்ணாகவே வருகிறது. ஒரு சுற்றில் ஏதோ சரியில்லை என்பதைக் கட்டம் முதலில் சொல்லிவிடுகிறது. அளப்பவர் செய்யும் தவற்றையும் அதுவே முதலில் வாங்கிக்கொள்கிறது.

இரண்டு மின் சிக்னல்களுக்கு இடையேயுள்ள கட்ட வேறுபாட்டையும் வீச்சு வேறுபாட்டையும் அளக்க நூற்றுமுப்பது ஆண்டுகளாக எத்தனையோ வழிகள் வந்துவிட்டன. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: வேறுபாட்டைக் கண்டறியும் கருவி எப்போதும் ஓரளவு நன்றாகவே இருந்திருக்கிறது. சிக்கல், சிக்னல்கள் கருவியை வந்தடையும் வழிகளில் இருந்தது. எந்தக் கருவியும் காட்டுவது சிக்னல்களின் வேறுபாட்டோடு வழிகளின் வேறுபாடும் கூடிய தொகை. அந்தத் தொகையிலிருந்து வழியின் பங்கைப் பிரித்தெடுத்த கதையே இந்தத் துறையின் வரலாறு.

கட்டம் என்றால் என்ன என்பதில் ஒரு சிறு தெளிவு தேவை. நம் வீடுகளில் ‘ஃபேஸ் இல்ல’ என்றால் மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். அந்தக் கம்பிகளுக்கு அந்தப் பெயர் வந்ததே அவற்றின் அலைகள் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி வருவதால்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்று 20 மில்லிநொடி. அதை 360 பாகையாகப் பகுத்தால் ஒரு மில்லிநொடிக்கு 18 பாகை. ஆக, கட்டம் என்பது நேர வேறுபாட்டை அலையின் சொந்தக் கடிகாரத்தில் சொல்வது. இரண்டு அலைகளுக்கும் ஒரே அதிர்வெண் இருந்தால் மட்டுமே அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. அதிர்வெண் துளி மாறினாலும் கோணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ், மாறுதிசை மின்சாரத்தைக் கலப்பெண்களால் எழுதும் முறையை முன்வைத்தார். வீச்சும் கட்டமும் அதற்குப் பிறகு இரண்டு தனி அளவுகள் அல்ல. ஒரே அம்பின் நீளமும் திசையும். நம் பாடத்திட்டங்கள் இன்றும் வீச்சை ஒரு சோதனையிலும் கட்டத்தை இன்னொரு சோதனையிலும் பிரித்து வைப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அம்பைப் பாதியாக வெட்டிக் கற்பித்தால், அந்த மாணவரைப் போல உயரம் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடுவார்கள்.

கண்ணால் பார்க்கும் முறைகளில் பழையது லிஸாஜு உருவம். பிரெஞ்சு இயற்பியலாளர் ஜூல் அந்துவான் லிஸாஜு 1850களில் இசைக்கவைகளில் கண்ணாடித் துண்டு ஒட்டி, ஒளிக்கற்றையைத் தெறிக்கவைத்து இந்த உருவங்களைக் காட்டினார். 1897இல் ஃபெர்டினாண்ட் பிரவுன் கேதோடு கதிர்க் குழாயை உருவாக்கிய பின் அதே வடிவங்கள் மின்னலைகளுக்கும் கிடைத்தன. ஒரு சிக்னலைக் கிடைமட்டத்துக்கும் மற்றதைச் செங்குத்துக்கும் கொடுத்தால் திரையில் நீள்வட்டம் தோன்றும். நீள்வட்டம் செங்குத்து அச்சை வெட்டும் உயரத்தை அதன் உச்ச உயரத்தால் வகுத்தால் கட்டக் கோணத்தின் சைன் மதிப்பு. கல்லூரி ஆய்வக ஏடுகளில் இன்றும் இடம்பெறும் சோதனை இது. அழகானது, ஆனால் இரண்டு குறைகள் கொண்டது. 85 பாகையின் சைன் 0.996, 90 பாகையின் சைன் 1. இந்த இரண்டையும் திரையில் யாராலும் பிரித்தறிய முடியாது. அடுத்து, எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று நீள்வட்டம் சொல்லாது. 30 பாகைக்கும் 330 பாகைக்கும் ஒரே உருவம்தான். தெரிந்த சிறு பின்னடைவை ஒரு பக்கம் வேண்டுமென்றே சேர்த்து, நீள்வட்டம் பருக்கிறதா மெலிகிறதா என்று பார்த்தால் திசை தெரிந்துவிடும். தெரிந்த ஒன்றைச் சேர்த்துத் தெரியாததைக் கண்டறியும் இந்த வித்தை மற்ற முறைகளிலும் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு அலைகளையும் நேர அச்சில் அடுத்தடுத்து வைத்து, அவை சுழியைக் கடக்கும் இடைவெளியை எண்ணுவது அதைவிட நேரடியானது. இங்கே வீச்சு வேறுபாடு பெரிதாக இருந்தால் சங்கடம் தொடங்கும். பெரும்பாலான டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப்கள் மின்னழுத்தத்தை 256 படிகளாகப் பிரிக்கின்றன. ஒரு சிக்னல் மற்றதைவிட நூறு மடங்கு சிறியதாக இருந்தால் அதற்கு இரண்டு மூன்று படிகளே கிடைக்கும். அதைப் பெரிதாக்க வேறு வீச்செல்லைக்கு மாற்றினால், அந்த எல்லையின் பெருக்கிக்கு அதற்கே உரிய தாமதம் இருக்கும். வீச்சைச் சரிசெய்யப் போய்க் கட்டத்தைக் கெடுத்துக்கொள்வோம்.

கட்டத்தை அளக்கும் கருவி எதுவுமே இல்லாமல் கோணத்தைக் கண்டவர்களும் உண்டு. 1891இல் இங்கிலாந்தில் அயர்ட்டனும் சம்ப்னரும் வெளியிட்ட மூன்று வோல்ட்மீட்டர் முறை அது. தெரிந்த மின்தடை ஒன்றையும் சுமையையும் தொடராக இணைத்து, மின்தடையின் குறுக்கே ஒன்று, சுமையின் குறுக்கே ஒன்று, மொத்தத்தின் குறுக்கே ஒன்று என மூன்று மின்னழுத்தங்களை அளக்க வேண்டும். முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் தெரிந்தால் கோணம் தானாக வந்துவிடுகிறது. ஆய்வகத்தில் நான் இதை விரும்பிச் செய்யச் சொல்வேன், அதன் பலத்துக்காக அல்ல, பலவீனத்துக்காக. மின்தடையில் 100 வோல்ட், சுமையில் 100 வோல்ட், மொத்தம் 200 வோல்ட் என்றால் கோணம் சுழி. மூன்றாவது மீட்டர் ஒரு விழுக்காடு குறைத்து 198 என்று காட்டினால் கணக்கு தரும் கோணம் 16 பாகை! புரோப் விஷயத்தில் பார்த்த அதே விதி இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. கட்டம் வீச்சைக் கொஞ்சமே தொடுகிறது. ஆகவே வீச்சிலிருந்து கட்டத்தைத் தேடிப் போனால் வீச்சின் சிறு பிழை பெரும் கோணமாக ஊதிவிடும்.

மின்னணுச் சுற்றுகள் வந்தபின் இந்த வேலையை ஒப்பீட்டுச் சில்லுகள் ஏற்றுக்கொண்டன. ஒவ்வொரு அலையையும் சதுர அலையாக மாற்றி, இரண்டும் வேறுபட்டிருக்கும் நேரத்தை மட்டும் எக்ஸ்-ஆர் கதவு வழியே எடுத்துச் சராசரி கண்டால் கோணத்துக்கு நேர்விகிதமான மின்னழுத்தம் கிடைக்கும். மலிவானது, வேகமானது. ஆனால் சுழியைக் கடக்கும் ஒரே புள்ளியை நம்பியிருப்பதால் அந்தப் புள்ளியைத் தொடும் எதுவும் கோணத்தைத் தொடும். உச்ச வீச்சில் ஒரு விழுக்காடு இரைச்சல் இருந்தால் ஒவ்வொரு கடப்பும் அரைப் பாகைக்கு மேல் தடுமாறும். அதே ஒரு விழுக்காடு நேர்மின்னழுத்தம் கலந்திருந்தால் ஏறும் கடப்பு ஒரு பக்கமும் இறங்கும் கடப்பு மறுபக்கமும் நகரும். இரண்டையும் சராசரி எடுத்தால் பிழை தீரும், ஒன்றை மட்டும் எடுத்தால் நிற்கும். பல மலிவான கட்டமானிகள் ஏறும் கடப்பை மட்டுமே எண்ணுகின்றன.

அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடி8302 என்னும் சில்லு இந்த வகையின் முதிர்ந்த வடிவம். ஒரே சில்லுக்குள் இரண்டு மடக்கைப் பெருக்கிகளும் ஒரு கட்டக் கண்டுணர்வியும் உள்ளன. 2.7 கிகாஹெர்ட்ஸ் வரை, இரண்டு சிக்னல்களின் வீச்சு விகிதத்தை ஒரு டெசிபெலுக்கு 30 மில்லிவோல்ட் என்றும், கோணத்தை ஒரு பாகைக்கு 10 மில்லிவோல்ட் என்றும் தருகிறது. இரண்டு பெருக்கிகளும் ஒரே சிலிக்கான் துண்டில் ஒரே வெப்பநிலையில் இருப்பதால், ஒன்றின் பிழை மற்றதன் பிழையைக் கழித்துவிடுகிறது. சில்லின் உயிர் இந்த இரட்டைப் பிறப்பில்தான் இருக்கிறது. ஆனால் லிஸாஜுவின் பழைய குறை இங்கும் உண்டு: 0 முதல் 180 பாகை வரைதான் அதற்குத் தெரியும், முன்பின் தெரியாது. சுழிக்கும் 180 பாகைக்கும் அருகில் அதன் நேர்கோடு வளைகிறது. அதிக நம்பகம் வேண்டுமென்றால் 90 பாகையைச் சுற்றி வேலை செய்ய வேண்டும். ஒரு வழியில் தெரிந்த 90 பாகையைச் சேர்த்துவிடுவது வழக்கம். நீள்வட்டத்துக்குச் செய்த அதே வித்தை.

இரைச்சலில் புதைந்த சிக்னலுக்கு இவை எதுவும் உதவாது. அங்கே தேவை பெருக்கல். அளக்க வேண்டிய சிக்னலை ஒப்புச் சிக்னலால் பெருக்கி, நீண்ட நேரம் சராசரி எடுத்தால், ஒப்புச் சிக்னலின் அதிர்வெண்ணில் இல்லாத எல்லாமே தமக்குள் அடித்துக்கொண்டு சுழியாகும். அதே வேலையை 90 பாகை தள்ளிய ஒப்புச் சிக்னலாலும் செய்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். அம்பின் கிடைக்கூறு ஒன்று, செங்கூறு ஒன்று. நீளமும் திசையும் ஒருசேர வந்துவிடும். இரண்டு எண்களின் குறிகளையும் பார்ப்பதால் முந்துவதா பிந்துவதா என்ற குழப்பமும் தீர்கிறது. இதுவே லாக்-இன் பெருக்கி. 1941இல் வால்டர் மிக்கேல்ஸும் கர்டிஸும் பென்டோடு வால்வால் கட்டிய லாக்-இன் பெருக்கியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். பிரின்ஸ்டனின் ராபர்ட் டிக்கி 1946இல் தம் ரேடியோமீட்டரில் இதே கருத்தைப் பயன்படுத்திப் புகழ்பெறச் செய்தார். 1960களின் தொடக்கத்தில் அதை வணிகக் கருவியாக்கிய நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒரு நொடி கால மாறிலி வைத்தால், எளிய வடிப்பியோடு இந்தக் கருவி கேட்கும் இரைச்சல் அகலம் கால் ஹெர்ட்ஸ் மட்டுமே. சந்தையின் கூச்சலுக்கு நடுவே தன் குழந்தையின் குரலை மட்டும் பிரித்துக் கேட்கும் தாயின் காது அது.

இன்று அந்தப் பெருக்கலை எண்களில் செய்கிறோம். இரண்டு சிக்னல்களையும் மாதிரி எடுத்து, ஃபூரியே மாற்றத்தின் ஒரே அதிர்வெண்ணை மட்டும் கணக்கிட்டால் அதுவே லாக்-இன். முழுச் சுற்றுகளாக மாதிரி எடுக்காவிட்டால் பக்கத்து அதிர்வெண்கள் கசிந்து வரும். அதிர்வெண் தெரியாதபோது நான்கு மாறிகள் கொண்ட சைன் பொருத்தம் கைகொடுக்கும். இவை பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. நூல்கள் குறைவாகப் பேசும் ஒன்று, இரண்டு மாதிரிகளும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டனவா என்பது. ஆர்டுயினோ யூனோ பலகையில் ஒரே மாற்றி மாறி மாறி எல்லா உள்ளீடுகளையும் படிக்கிறது. ஒரு முறை படிக்க ஏறத்தாழ 104 மைக்ரோநொடி. மின்னழுத்தத்தைப் படித்துவிட்டு மின்னோட்டத்தைப் படிப்பதற்குள் 50 ஹெர்ட்ஸ் அலை 1.9 பாகை நகர்ந்துவிடும். வீட்டு மின் நுகர்வை அளக்கத் தாமே கருவி கட்டும் மாணவர்கள், திறன் காரணி 0.5 உள்ள மோட்டாரில் ஏறத்தாழ 6 விழுக்காடு தவறாக அளப்பது இதனால்தான். நிரலில் ஒரு சிறு நேரத் திருத்தம் போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் திருத்தம் தேவை என்று தெரிய வேண்டுமே.

கோணங்களைச் சராசரி எடுப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 359 பாகையும் 1 பாகையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. எண்களாகக் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வந்து நிற்கும். அம்புகளாகக் கூட்டிவிட்டுப் பிறகு கோணம் கேட்க வேண்டும். வெட்டிய அம்பு இங்கும் பழி வாங்குகிறது.

மின்வாரியத்தின் உயரழுத்தச் சோதனைப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு வேறுவிதமான கடினம். மின்மாற்றியின் காப்பு நல்ல நிலையில் இருந்தால், அதன் வழியே செல்லும் சிறு மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிடக் கிட்டத்தட்ட 90 பாகை முந்தும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இழப்பு. அந்தக் குறையின் டேன்ஜென்ட்டைத்தான் டேன் டெல்டா என்கிறார்கள். அது 0.005 என்றால் கோணம் 89.71 பாகை, குறைவது 0.29 பாகை. 0.1 பாகை துல்லியமுள்ள நல்ல கட்டமானியால் இதை அளந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழை. ஈரம் ஏறிய புஷிங்குக்கும் நல்ல புஷிங்குக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாமல் விட்டால் ஒருநாள் அது வெடிக்கும். 1920இல் ஜெர்மனியின் ஹரால்ட் ஷெரிங் முன்வைத்த பாலம் இந்த வேலைக்காகவே பிறந்தது. இழப்பே இல்லை எனக் கொள்ளத்தக்க அழுத்த வாயு மின்தேக்கி ஒரு கையில், சோதிக்க வேண்டியது மறு கையில். நடுவிலுள்ள காட்டி சுழியைத் தொடும்வரை இரண்டு குமிழ்களைத் திருப்ப வேண்டும். ஒன்று வீச்சுக்கு, ஒன்று கட்டத்துக்கு. ஒன்றைத் திருப்பினால் மற்றது கலையும். பொறுமையாக மாறி மாறித் திருப்பி இறங்க வேண்டும். காட்டியின் சொந்தத் தாமதமோ அதன் பெருக்கமோ விடையைத் தொடுவதில்லை, ஏனென்றால் சுழிக்குக் கட்டம் கிடையாது. வழியின் பிழையைக் கழிக்க மனிதர் கண்டுபிடித்த முதல் பெரிய வழி, வழியில் ஒன்றுமே ஓடாமல் செய்துவிடுவது.

பணம் புழங்கும் இடத்துக்கு வருவோம். பெரிய ஆலைகளின் மின்னோட்டத்தை மீட்டருக்குள் நேராக விட முடியாது. மின்னோட்ட மின்மாற்றி, களத்தில் சொல்வதுபோல் சி.டி., அதைச் சிறிதாக்கித் தருகிறது. சி.டி.யும் ஒரு வழிதான். அதுவும் தன் கோணத்தைச் சேர்க்கும். 0.5 வகுப்பு சி.டி. முழு மின்னோட்டத்தில் அரைப் பாகை வரை நகர்த்தலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. மின்னோட்டம் 5 விழுக்காடாகக் குறையும்போது ஒன்றரைப் பாகை வரை அனுமதி. அரைப் பாகைதானே என்று தோன்றும். திறன் காரணி 1 ஆக இருக்கும் சுமையில் அது ஒன்றுமே செய்யாது. திறன் காரணி 0.5 ஆனால் மின்திறனில் 1.5 விழுக்காடு பிழை. திறன் காரணி 0.1 ஆனால் கிட்டத்தட்ட 9 விழுக்காடு! சுமையின்றி ஓடும் மின்மாற்றியின் இழப்பை அளக்கும்போது இந்தக் கடைசி நிலைதான் வரும். சி.டி.யின் இரண்டாம் சுற்று மின்னோட்டம் வழக்கமாகச் சற்று முந்தும். அதனால் மோட்டார்கள் நிறைந்த ஆலையில் மீட்டர் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புள்ள ஆலை தன் சராசரித் திறன் காரணியை 0.90க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், குறைந்தால் கூடுதல் கட்டணம். 0.90க்குரிய கோணம் 25.8 பாகை. அரைப் பாகை ஒரு பக்கம் போனால் 0.904, மறுபக்கம் போனால் 0.896. எல்லைக்கோட்டில் நிற்கும் ஆலைக்கு அந்த அரைப் பாகை மாதாமாதம் பணம். சி.டி.யின் விகிதப் பிழையைப் பற்றிச் சண்டையிடும் பொறியாளர்கள் அதன் கோணப் பிழைச் சான்றிதழைப் புரட்டிப் பார்ப்பது அபூர்வம். பார்க்க வேண்டும்.

அதிர்வெண் ஏற ஏற வழியே எல்லாமாகிவிடுகிறது. 1 கிகாஹெர்ட்ஸில், சாதாரணக் கோஆக்சியல் கேபிளுக்குள் அலைநீளம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கேபிள் 1.8 பாகை. கேபிளைக் கையால் வளைத்தாலே எண் நகரும். ஆகவே 1967இல் ஹியூலட்-பேக்கர்டு 8410 வந்தபோதும், 1984இல் கணினியோடு கூடிய 8510 வந்தபோதும் அவற்றின் சாதனை கட்டத்தை உணர்ந்ததில் மட்டும் இல்லை. இரண்டு சிக்னல்களையும் ஒரே உள்ளலையோடு கலந்து தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கினால் அவற்றின் கோண வேறுபாடு அப்படியே இறங்கி வரும். அது பழைய அறிவு. 8510 நிலைநிறுத்தியது அளவீட்டுக்கு முந்தைய சடங்கை: முனையைக் குறுக்கிணைத்து ஒருமுறை, திறந்து ஒருமுறை, 50 ஓம் சுமையோடு ஒருமுறை, இரு முனைகளையும் நேராக இணைத்து ஒருமுறை. தெரிந்தவற்றை அளந்து, வழி சேர்க்கும் பிழைகளைப் பன்னிரண்டு கலப்பெண்களாகக் கணக்கிட்டு, பிறகு தெரியாததை அளக்கும்போது அவற்றைக் கழித்துவிடும். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நானோ-விஎன்ஏ கருவியை வைத்து ஹாம் வானொலிக்காரர்கள் மொட்டைமாடியில் தங்கள் ஆண்டெனாவை அளக்கிறார்கள். சடங்கைக் கேபிளின் எந்த முனையில் செய்தார்களோ அந்த முனைதான் சுழிப் பாகை. கருவியின் வாயிலில் செய்துவிட்டுப் பின்னால் இரண்டு மீட்டர் கேபிள் இணைத்தால் அந்த இரண்டு மீட்டரும் ஆண்டெனாவின் கணக்கில் ஏறும்.

இதுவரை பார்த்த சிக்னல்கள் இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. ஒன்று பஞ்சாபிலும் மற்றது மத்தியப் பிரதேசத்திலும் இருந்தால்? மின்தொடரில் இரண்டு இடங்களின் மின்னழுத்தக் கோண வேறுபாடுதான் அவற்றுக்கிடையே பாயும் மின்திறனைத் தீர்மானிக்கிறது. கோணம் அகன்றால் தொடர் இழுபடுகிறது. மேலும் அகன்றால் அறுந்துவிடும். பல நூறு கிலோமீட்டர் கேபிள் இழுத்து ஒப்பிட முடியாது. இந்தியாவில் பிறந்த அருண் ஃபட்கேயும் ஜேம்ஸ் தார்ப்பும் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 1988இல் உருவாக்கிய ஃபேசர் அளவீட்டுக் கருவி, ஒப்புச் சிக்னலை வானத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஜிபிஎஸ் கடிகாரம் எல்லா இடத்துக்கும் ஒரே நேரம் சொல்கிறது. ஒவ்வொரு நிலையமும் தன் அம்பை அந்த நேரத்தோடு ஒப்பிட்டு அனுப்பிவிடுகிறது. ஒரு மைக்ரோநொடி பிழை 50 ஹெர்ட்ஸில் 0.018 பாகைதான். கருவியின் தரநிலை இங்கே ஒரு நல்ல முடிவெடுத்தது: நீளப் பிழை, கோணப் பிழை எனப் பிரிக்காமல் அம்பின் முனை எவ்வளவு விலகியது என்று ஒரே எண்ணாகக் கேட்டது. ஒரு விழுக்காடு வரை அனுமதி. நீளம் முற்றிலும் சரியாக இருந்தால் அது 0.57 பாகை, அதாவது 32 மைக்ரோநொடி.

2012 ஜூலை 30 அதிகாலை 2.33க்கு வட இந்திய மின்தொடர் வீழ்ந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொடர்கள் மூன்றும் வீழ்ந்தன. இரண்டு நாளும் 400 கிலோவோல்ட் பினா–குவாலியர் வழித்தடம் விடுபட்டதே தொடக்கம். மேற்குக்கும் வடக்குக்கும் இடையே கோணம் விரிந்துகொண்டே போனதை அப்போது வடக்கில் சோதனை முறையில் நிறுவப்பட்டிருந்த சில ஃபேசர் கருவிகள் பதிவு செய்திருந்தன. எது முதலில், எது பின்னால் என்று வரிசைப்படுத்த விசாரணைக்கு அந்தப் பதிவுகள் உதவின. தமிழ்நாடு அன்று இருளவில்லை. தென் மண்டலம் மற்றவற்றோடு உயரழுத்த நேர்மின்சாரத்தால் மட்டுமே இணைந்திருந்தது. நேர்மின்சாரத்துக்குக் கட்டமே இல்லை, கோணம் கடந்து வர வழியில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழித்தடம் இணைந்தது. அன்றுமுதல் சென்னையின் அலையும் டெல்லியின் அலையும் ஒரே அதிர்வெண்ணில் ஓடுகின்றன. அவற்றுக்கிடையே கோணம் என்ன என்று கேட்பதும் அன்றுதான் பொருளுள்ள கேள்வியாயிற்று.

ஊட்டிக்கு அருகே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப்பின் குழு, சரிவின் சாய்வை நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள அந்த இடத்தின் அகலாங்கோடு பொருத்தி, அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி அதைக் கட்டியது. கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்ப உருளையைச் சுழற்றினால் போதும். வடக்கு–தெற்காகத் திரும்ப எதுவும் அசைவதில்லை. குவியக் கோட்டிலுள்ள 1056 இருமுனையங்களின் சிக்னல்களை ஒன்றுக்கொன்று கட்டம் தள்ளிக் கூட்டுகிறார்கள். இயங்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 சென்டிமீட்டர். கேபிள்களின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் வேறுபட்டால் ஆறு பாகை போய்விடும். வானத்தின் ஒரு மூலையை உற்றுப் பார்க்கிறது அந்தத் தொலைநோக்கி. அதன் பார்வைக்கூர்மை நூற்றுக்கணக்கான கேபிள்களின் சமநீளத்தில் இருக்கிறது.

தொலைநோக்கிகளைப் பல கிலோமீட்டர் தள்ளி வைத்தபோது கேபிளைச் சமப்படுத்துவதும் போதவில்லை. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் உள்ள காற்று வெவ்வேறு தாமதத்தைச் சேர்க்கிறது, அதுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. காற்றைக் குறுக்கிணைத்து, திறந்து, 50 ஓம் வைத்துச் சடங்கு செய்ய முடியாது. 1958இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க்கில் ரோஜர் ஜென்னிசன் இதற்கு விடை வெளியிட்டார். இரண்டு அல்ல, மூன்று தொலைநோக்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையேயான கோணத்தில் முதலாவதின் பிழை கூட்டப்பட்டும் இரண்டாவதின் பிழை கழிக்கப்பட்டும் இருக்கும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே இரண்டாவதின் பிழை கூட்டல், மூன்றாவதின் பிழை கழித்தல். மூன்றாவதிலிருந்து முதலுக்குத் திரும்பும்போது மூன்றாவது கூட்டல், முதலாவது கழித்தல். மூன்று கோணங்களையும் கூட்டினால் எல்லாப் பிழைகளும் ஜோடி ஜோடியாக ஒழிந்து, வானத்துக்கு உரியது மட்டும் மிஞ்சும். எந்தப் பிழையும் எவ்வளவு என்று யாருக்கும் தெரிய வேண்டியதே இல்லை.

2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளிலிருந்த தொலைநோக்கிகள் எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவை 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் ஒருசேரப் பார்த்தன. அந்த அலைநீளத்தில் காற்றின் தாமதம் நொடிகளுக்குள் கோணத்தைக் குலைத்துவிடும்; எந்த இரண்டு தொலைநோக்கிகளுக்கு இடையேயும் அளந்த கட்டம் தனியாக நம்பத்தக்கதாக இல்லை. மூன்று மூன்றாகக் கூட்டிய கோணங்கள் நின்றன. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளையின் ஒளிவளையம், அப்படி நின்ற கோணங்களின் மேல் கட்டப்பட்ட படம்.